கேளுங்க, சொல்றோம்: சராசரியை மட்டும் நம்பலாமா?

கேள்வி: சர்வதேச கிரிக்கெட்டில் இப்போது ஆடும் இளம் பேட்ஸ்மேன்களில் யார் நிலைப்பார் என்பதை எதை வைத்துக் கணிப்பதுங்க? சராசரி போதாதா?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: போதாதுங்க. சராசரி என்பது மொத்த ரன்னை அவுட்டான தடவைகளால் வகுப்பது. 10 இன்னிங்ஸில் 5 முறை அவுட் ஆகாமல் 300 ரன் எடுத்தால் சராசரி 60. ஆனால் இன்னிங்ஸுக்கு அடித்தது 30தான்! அந்தியூர்ச் சந்தையில் மாட்டின் பல்லைப் பார்க்காமல் விலை பேசுவீர்களா?

முதலில் உள்நாட்டு, வெளிநாட்டு ரன்களைத் தனித்தனியாகப் பிரியுங்கள். பிறகு அவுட்டான விதத்தைக் குறித்து வையுங்கள். ஸ்லிப்பிலும் (கீப்பருக்குப் பக்கத்தில் நிற்கும் ஃபீல்டர்) கீப்பரிடமும் கேட்ச் திரும்பத் திரும்ப வந்தால், ஆஃப் ஸ்டம்ப் (பேட்ஸ்மேனின் காலிலிருந்து தள்ளி நிற்கும் ஸ்டம்ப்) எங்கே என்ற கணக்கு தவறுகிறது. எல்பிடபிள்யூ (ஸ்டம்புக்குப் போகும் பந்து காலில் பட்டு அவுட்) அதிகமென்றால் முன்கால் குறுக்கே விழுகிறதா, தலை ஆஃப் பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். பந்துவீச்சாளர்கள் வீடியோ பார்த்துத் தயாராகி வரும் இரண்டாவது தொடர்தான் உண்மையான பரீட்சை.

இந்தியத் தொடக்க வீரர் ஜெய்ஸ்வால் 2023-இல் மேற்கிந்தியத் தீவுகளின் டொமினிகாவில் அறிமுக டெஸ்டிலேயே 171 அடித்தார்; 2024-இல் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு இரட்டைச் சதம். தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் நம் கோவை கிங்ஸுக்கு ஆடிய சாய் சுதர்சன் 2025 ஐபிஎல்லில் 759 ரன் குவித்தார். அதே ஆண்டு ஜூனில் இங்கிலாந்தின் லீட்ஸில் அறிமுக டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் பூஜ்யம், ஜூலையில் மான்செஸ்டரில் 61. ஐபிஎல் ரன்னை டெஸ்ட் தராசில் போடாதீர்கள். அதற்காக ஒரு பூஜ்யத்தைப் பார்த்து அவரைக் கழித்தும் விடாதீர்கள்; குறைந்தது 20 இன்னிங்ஸாவது பொறுங்கள்.