சென்னைப் பக்கம் பசுமைக்குடிலில் கேமரா வைத்துப் பூச்சியை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஆனால் கேமராவைச் செடிக்கு நேராக வைக்காதீர்கள், பூச்சி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் பசை அட்டைக்கு நேராக வையுங்கள்.

செங்குன்றம் தாண்டி என் மாமா வலைக்குடிலில் வெள்ளரியும் தக்காளியும் போடுகிறார். கேமரா, கணினி வேலையெல்லாம் என் தலையில். "அதான் சிசிடிவி இருக்கே மாப்ளே, அதுலயே பூச்சியையும் பாரேன்" என்பார். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாங்கள் முக்கியமாகத் தேடும் வெள்ளை ஈயின் நீளம் சுமார் 1 மி.மீ. முழு எச்.டி. கேமராவில் அகலவாக்கில் 1920 பிக்சல். அது 2 மீட்டர் அகலத்தைக் காட்டினால் ஒரு ஈக்கு ஒரு பிக்சல்கூடத் தேறாது. போதாததற்கு அது முட்டையிடுவது இலையின் அடிப்பக்கம். ஏ4 அளவு அட்டையை, படத்தின் அகலம் 4000 பிக்சல் வரும் 12 மெகாபிக்சல் போனில் நெருங்கி எடுத்தால் அதே ஈக்கு 13 பிக்சல் கிடைக்கும். நம் குடிலில் எடுத்த படங்களை வைத்தே பழக்கிய மாடலுக்கு, அதாவது படத்தில் பூச்சியை அடையாளம் கண்டு எண்ணும் கணினி நிரலுக்கு, அது போதும். வேறு ஊர்ப் படங்களில் பழகியது நம் செம்மண் தூசியையும் பூச்சி என்று எண்ணும்.

மொத்த எண்ணிக்கையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நேற்றைய படத்தில் இல்லாமல் இன்று புதிதாக ஒட்டியது எத்தனை, எந்த அட்டையில் என்பதுதான் தகவல். வாசல் பக்கமும், மதியம் கடற்காற்று ஏறும் கிழக்கு ஓரமும்தான் நான் முதலில் பார்ப்பவை. தக்காளியில் இரண்டு மூன்று ஈ கூடினாலே நான் மாமாவைக் கூப்பிட்டுவிடுவேன். இலைச்சுருட்டு வைரஸைப் பரப்ப ஈக்கூட்டம் தேவையில்லை.

ஓசூர் மாதிரி குளிர்ந்த ஊரில் நெருக்கமான வலையைக் கட்டி ஈயைத் தடுத்துவிடலாம். இங்கே மே மாத வெயிலில் அப்படிக் கட்டினால் காற்றோட்டம் குறைந்து செடியே வாடும். வலை கொஞ்சம் இளக்கமாகத்தான் இருக்கும், பூச்சி வரத்தான் செய்யும். கேமரா இங்கே கூடுதலாகப் பயன்படுவது அதனால்தான்.

பகலில் பசை பளபளத்துப் படம் கெடும். விடியற்காலையில் லென்ஸில் ஈரம் படியும். இருட்டிய பிறகு சின்ன வெள்ளை எல்.இ.டி.யை ஒரே ஒரு நொடி எரியவிட்டு எடுங்கள். தொடர்ந்து எரிந்தால் வெளியே இருக்கிற பூச்சியையும் அதுவே அழைத்து வரும். இலைப்பேன் (திரிப்ஸ்) என்ற இன்னொரு சிறு பூச்சிக்கு நீல அட்டையும் ஒன்று வையுங்கள்.

அலாரம் வந்ததும் மருந்து டேங்கைத் தூக்காமல், அந்த அட்டையை ஒட்டிய செடிகளின் இலையைத் திருப்பிப் பாருங்கள்.

இலைச் சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்திக்கு இந்த ஏற்பாடு உதவாது. அதற்கு இறக்கை கிடையாது, அட்டைக்கு வராது, அளவோ அரை மி.மீ.தான். 30 டிகிரி வெப்பத்தில் முட்டையிலிருந்து ஒரு வாரத்திலேயே வளர்ந்துவிடும். வெள்ளரி இலையில் வெளிறிய புள்ளி தெரிகிறதா என்று 10 மடங்கு கைலென்ஸோடு வாரம் இரண்டு முறை நடந்துதான் ஆக வேண்டும். அது இன்னும் மாமாவின் வேலை.