எண்ணெய், எரிவாயு உற்பத்தியை அளக்கத் தனி விதிகள் எதற்கு?

விற்பனைக்கும் வரிக்கும் ஆதாரமாக எடுக்கப்படும் அளவு எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்று அரசு சொல்வதுதான் இந்த விதி. நார்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எண்ணெய் நிறுவனங்களின் லாபத்துக்கு 78% வரி. மீட்டர் கொஞ்சம் பிசகினாலும் யாரோ ஒருவருக்குப் பெரிய நஷ்டம். அதனால் எண்ணெய்க்கு ±0.30%, எரிவாயுவுக்கு ±1.0% என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், எண்ணெய் சூட்டில் விரியும். பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் கச்சா எண்ணெயின் கன அளவு ஏறக்குறைய 0.8% கூடிவிடும், மேலே சொன்ன வரம்பையே தாண்டிவிட்டது! கறந்த பாலை நுரையோடு அளப்பது மாதிரி: படி நிறையும், பால் குறையும். எனவே அளவை 15 டிகிரிக்கு மாற்றித்தான் கணக்கில் எழுதுகிறார்கள்.

சரி, மீட்டரையே எப்படி நம்புவது? கொள்ளளவு துல்லியமாகத் தெரிந்த ஒரு குழாய்க்குள் எண்ணெய் ஒரு பந்தைத் தள்ளிக்கொண்டு போகும். பந்து இரண்டு உணரிகளைக் கடப்பதற்குள் மீட்டர் எவ்வளவு காட்டியது என்று ஒப்பிடுவார்கள். இத்தனை பெரிய வியாபாரத்துக்கு ஒரு பந்து சாட்சி!

கிணற்று வாயிலேயே அளந்து வரி போடுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே வருவது எண்ணெயும் நீரும் வாயுவும் கலந்த கலவை, பெரும்பாலும் அதைப் பிரித்த பிறகே கணக்குக்கான அளவு எடுக்கப்படுகிறது.