பணக் கஷ்டத்தில் படிக்கும் மாணவர் தமக்குப் பிடித்த கலையை விட்டுவிடத்தான் வேண்டுமா?

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டு வருமானம் பாதியாகக் குறைந்துவிட்டதால் மாலையில் பகுதிநேர வேலைக்குப் போகிறேன். பள்ளி நாள்களிலிருந்து கிட்டார் வாசித்து வருகிறேன். இப்போது அதைக் கையில் எடுத்தாலே குற்ற உணர்வு வருகிறது. படிப்பு, வேலை, இசை மூன்றையும் எப்படிச் சமாளிப்பது? கிட்டாரை விற்றுவிடலாமா?

பதில்:

நானும் இரண்டாம் ஆண்டில் இருந்தபோதுதான் அப்பா வேலை பார்த்த பட்டறை மூடப்பட்டது. எனக்குப் பென்சிலால் உருவப்படம் வரையும் பழக்கம் சிறு வயது முதல் உண்டு. வீட்டில் இப்படியொரு நிலை இருக்கும்போது படம் வரைந்துகொண்டிருப்பது தவறு என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லி, பென்சில்களையும் தாள்களையும் ஒரு பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். அப்படி மிச்சமாகும் நேரம் படிப்புக்குப் போய்ச்சேரும் என்று உண்மையாகவே நம்பினேன். ஆனால் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அடுத்த தவணைக் கட்டணத்தை எங்கிருந்து புரட்டுவது என்று யோசித்தபடியே அந்த நேரம் முழுவதையும் கழித்தேன். அந்தப் பருவத் தேர்வில் இரண்டு தாள்களில் தோற்றேன். வரைவதும் போயிற்று, படிப்பும் கெட்டது, பணமும் வந்தபாடில்லை.

பின்னாளில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. என்னிடம் பற்றாக்குறையாக இருந்தது நேரமன்று. பணக் கவலை மனத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டதால், எஞ்சியிருந்த சிறு பகுதியைக் கொண்டு படிக்க வேண்டியிருந்தது. 2013ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வரும் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். கரும்பு விவசாயிகள் 464 பேரை, கையில் பணம் வறண்டிருக்கும் அறுவடைக்கு முந்தைய காலத்தில் ஒருமுறையும் பணம் வந்த பின் ஒருமுறையும் சில அறிவுத்திறன் சோதனைகளுக்கு உட்படுத்தினார்கள். அதே மனிதர்கள்தாம், ஆனால் அறுவடைக்கு முன் அவர்களுடைய மதிப்பெண் குறைவாக இருந்தது. இதைப் படித்தபோது, அந்த இரண்டு தாள்களில் தோற்றதற்கு என் சோம்பேறித்தனம் மட்டுமே காரணமன்று என்று முதன்முறையாக ஆறுதல் அடைந்தேன். நீங்களும் உங்களைத் திட்டிக்கொள்வதை முதலில் நிறுத்துங்கள்.

ஆகவே இசையை என்ன செய்வது என்று தீர்மானிப்பதற்கு முன்னால் பணக் கவலைக்கு ஓர் உருவம் கொடுங்கள் என்பதே என் ஆலோசனை. மனத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்வரை கவலைக்கு அளவே இருக்காது. தாளில் எழுதினால் அது ஒரு தொகையாகிவிடும். இந்தப் பருவம் முடியும்வரை கட்டாயம் கொடுத்தே தீரவேண்டிய செலவுகளை, அவற்றின் கடைசித் தேதியோடு எழுதுங்கள். மாதச் செலவுகளை எல்லாரும் எழுதிவிடுவார்கள். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் வரும் தேர்வுக் கட்டணம், செய்முறை ஏடு, அச்செடுக்கும் செலவு, உடைந்த கண்ணாடிக்கு மாற்று போன்றவைதாம் நம்மைக் கவிழ்க்கின்றன. இவற்றின் மொத்தத்தை எஞ்சியுள்ள மாதங்களால் வகுத்து ஒவ்வொரு மாதமும் தனியாக எடுத்துவைத்தால், வரும்போது அவை இடியாக இறங்குவதில்லை.

எழுதிப் பார்த்ததும் துண்டு விழும் தொகை இவ்வளவு என்று தெரிந்துவிடும். அந்த எண்ணோடு கடைசித் தேதிக்கு முன்பே கல்லூரி அலுவலகத்துக்குப் போங்கள். நான் செய்த மிகப் பெரிய பிழை, வெட்கப்பட்டுக்கொண்டு தேதி கடக்கும்வரை வாய் திறக்காமல் இருந்ததுதான். கெடு முடிந்த பிறகு போனதால், கெஞ்சும் நிலையில் நின்றேன். அதற்குள் அபராதமும் சேர்ந்திருந்தது. அடுத்த பருவத்தில் ஒரு மாதம் முன்னதாகவே, குடும்ப வருமானம் எப்போது, எதனால் குறைந்தது, எத்தனை தவணைகளில் எந்தெந்தத் தேதியில் கட்டமுடியும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொடுத்தேன். அதே அலுவலகம்தான், ஏற்றுக்கொண்டது. உதவித்தொகைகளில் பலவும் முந்தைய ஆண்டின் வருமானச் சான்றை வைத்தே முடிவு செய்யப்படுவதால், இடையில் வருமானம் சரிந்தவர்கள் அதைத் தாங்களாகவே எழுத்தில் தெரிவிக்கவேண்டும். இல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

கைப்பேசிச் செயலிகளில் நொடியில் கிடைக்கும் கடனைப் பற்றி ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். மாதம் 3 விழுக்காடு வட்டி என்றால் சிறிதாகத்தான் தோன்றும். கட்டாமல் விட்டு, வட்டிக்கு வட்டி ஏறினால் 12 மாதங்களில் அது 42 விழுக்காட்டைத் தாண்டிவிடும். இத்துடன் கடன் தரும்போதே பிடித்துக்கொள்ளும் கட்டணம் வேறு. கல்லூரிக்குக் கொடுக்கவேண்டிய பாக்கியைவிட இது பன்மடங்கு பயப்படவேண்டியது.

வேலையைப் பொறுத்தவரை, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று மட்டும் பார்க்காதீர்கள். அந்த ஒரு மணி நேரம் மறுநாளில் எத்தனை மணி நேரத்தைக் கெடுக்கிறது என்றும் பாருங்கள். சில மாதங்கள் இரவில் கணினியில் விவரம் பதியும் வேலை பார்த்தேன். ஊதியம் பரவாயில்லை, ஆனால் மறுநாள் முற்பகல் வகுப்பு முழுவதும் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினேன். அதை விட்டுவிட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனபோது வருமானம் சற்றுக் குறைந்தது, ஆனால் என் பாடத்தின் அடிப்படைகள் எனக்கே தெளிவாயின. தேர்வு வாரங்களில் விடுப்புக் கிடைக்குமா என்பதை வேலையில் சேரும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

இனி, படிப்பு. குறைந்த நேரத்தில் படிக்கவேண்டியவர் திரும்பத் திரும்ப வாசிப்பதைக் கைவிடவேண்டும். ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கே என்னும் உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு பகுதியை இரண்டாம் முறையும் வாசித்த மாணவர்களையும், ஒருமுறை வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்த மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடியும் வாசித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. எழுதிப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 56 விழுக்காட்டையும் மற்றவர்கள் 42 விழுக்காட்டையும் நினைவில் வைத்திருந்தார்கள். வாசித்து முடித்ததும் எல்லாம் தெரிந்துவிட்டதுபோல் தோன்றுகிறதே, அந்தத் தோற்றம்தான் நம்மை ஏமாற்றுகிறது. பேருந்தில் போகும்போதும் வேலைக்கு நடந்து போகும்போதும் அன்றைய பாடத்தைப் புத்தகம் இல்லாமல் மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பதை நான் பழக்கமாக்கிக்கொண்டேன். தோற்ற இரண்டு தாள்களிலும் அப்படித்தான் தேறினேன்.

இப்போது உங்கள் கிட்டாருக்கு வருகிறேன். பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியது நானல்லேன், என் அம்மா. “நீ வரையாம இருக்கிற நாள்ல உன் மூஞ்சியைப் பார்க்க முடியலப்பா” என்று சொல்லிக்கொண்டே என் முன்னால் வைத்தார். அன்றுமுதல் இரவில் படுப்பதற்குமுன் 20 நிமிடம் மட்டும் வரைவது என்று வைத்துக்கொண்டேன். அந்த 20 நிமிடமும் வீட்டுக் கவலை என்னைத் தொடவில்லை. ஒரு காதின் வளைவை வரைந்துகொண்டிருக்கும் கைக்குக் கட்டணத் தேதி தெரியாது. அதன்பிறகு தூக்கமும் வந்தது. இது ஆடம்பரமென்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். புதுக் கருவியோ வகுப்போ மேடையோ எதுவும் வேண்டாம். இருப்பதைக் கொண்டு, நேரத்தைச் சிறிதாக வரையறுத்து, ஆனால் நாள் தவறாமல் வாசியுங்கள். முன்பு ஒரு மணி நேரம் வாசித்தவருக்கு 20 நிமிடம் அரைகுறையாகத் தோன்றலாம். ஒரே ஒரு பாடலின் நான்கு வரிகளை ஒரு வாரம் முழுவதும் செம்மைப்படுத்தினால் அந்தக் குறை தெரியாது.

சிலர் உங்களிடம், “இசைதான் தெரியுமே, அதை வைத்தே சம்பாதிக்கலாமே” என்று சொல்வார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்வார்கள், எனக்கும் சொன்னார்கள். நானும் காசுக்கு உருவப்படம் வரைந்து கொடுத்தேன். மூக்கைச் சிறிதாக்கு, நிறத்தைக் கூட்டு என்று ஒவ்வொருவரும் கேட்கக் கேட்க, ஆறே வாரத்தில் பென்சிலைத் தொடவே கசந்தது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு மிக நெருக்கமானது. படம் வரைவதில் இயல்பாகவே ஆர்வமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலருக்கு, வரைந்தால் பரிசு உண்டென்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். சில நாள்கள் கழித்துப் பார்த்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் தாமாக வரைவதில் செலவிட்ட நேரம் மற்றக் குழந்தைகளைவிடக் குறைந்திருந்தது. கலையால் பிழைக்கவே கூடாதென்று நான் சொல்லவில்லை. இந்த நெருக்கடி தீரும்வரையாவது, உங்களுக்கு இளைப்பாறுதல் தரும் ஒரே இடத்தில் வாடகை வசூலிக்கவேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. மனத்துக்குப் பிடித்ததைப் பின்தொடர்ந்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்பார்கள். அதற்குக் கணித மேதை இராமானுஜனை எடுத்துக்காட்டாகவும் சொல்வார்கள். கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் அவர் உதவித்தொகையை இழந்தார், கல்லூரித் தேர்விலும் தோற்றார், அடுத்த சில ஆண்டுகள் வறுமையில் வாடினார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை கிடைத்த பிறகுதான் அவருக்கு நிலையான வருமானம் வந்தது. 1913 ஜனவரியில் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது அந்த வேலையில்தான் இருந்தார். அவருடைய கணிதத்தைப் புகழ்கிறவர்கள் அந்த எழுத்தர் சம்பளத்தையும் சேர்த்தே நினைக்கவேண்டும். உங்களுக்கு இப்போது உதவித்தொகை இருக்குமானால், அது கேட்கும் மதிப்பெண்ணுக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் இறங்காதீர்கள். தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்கள் கிட்டார் உறைக்குள் இருந்தாலும் ஒன்றும் ஆகிவிடாது.

இன்னொன்றையும் கவனித்துக்கொள்ளுங்கள். நேரமில்லாததால் வாசிக்காமல் இருப்பது வேறு, நேரம் இருந்தும் எதிலும் விருப்பமே எழாமல் இருப்பது வேறு. பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போய், தூக்கமும் பசியும் மாறி, இந்த நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயின் அறிகுறியாக இருக்கக்கூடும். கால அட்டவணையால் அது தீராது. கல்லூரி ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள்.

விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய கருவிக்கு வாங்கிய விலையில் ஒரு சிறு பகுதிதான் கிடைக்கும். திரும்ப வாங்கும்போது முழு விலையும் கொடுக்கவேண்டும். குற்ற உணர்வைத் தணிப்பதற்காக மட்டும் விற்பதாக இருந்தால், தயவுசெய்து வேண்டாம். ஆனால் அதை விற்றால் அதிக வட்டிக் கடன் ஒன்றைத் தவிர்க்கமுடியும் என்று உங்கள் தாளில் உள்ள கணக்கு காட்டுமானால், தயங்காமல் விற்றுவிடுங்கள். நண்பரிடம் இரவல் வாங்கி வாசிக்கலாம், விரல்கள் மறக்காது. எதுவாயினும் முதலில் அந்த ஒரு பக்க விண்ணப்பத்தை எழுதி அலுவலகத்தில் கொடுங்கள். பதில் வரும்வரை கிட்டார் உங்களிடமே இருக்கட்டும்.