பழைய ஃபிலிம் கேமராவா? ஒரு ரோல் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

கேள்வி: சேலம் செவ்வாய்பேட்டையில் இருக்கிறேன். வீட்டோடு சேர்ந்த கொலுசுப் பட்டறை. அப்பாவும் சித்தப்பாவும் வேலை செய்வதையும், ஏற்காட்டுக் காபித் தோட்டங்களையும் ஃபிலிமில் எடுக்க ஆசை. முன்பு ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவர் பென்டாக்ஸ் கே1000 கேமராவை 50 எம்எம் எஃப் 2 லென்ஸோடு தருகிறேன் என்கிறார். தோல் உறையோடு பத்து வருடமாக பீரோவில் இருந்ததாம். இணையத்தில் ஒரு கேனன் ஏஇ-1 பார்த்தேன், புதிதுபோல இருக்கிறது. எதை வாங்கலாம்? என்னென்ன பார்க்க வேண்டும்? இதுவரை டிஜிட்டல் மட்டுமே பழக்கம்.

பதில்: பென்டாக்ஸையே பாருங்கள். கேனன் மோசமான கேமரா இல்லை. ஆனால் கையில் வாங்கி, பின்மூடியைத் திறந்து, ஷட்டரை அழுத்திப் பார்க்க உங்களுக்குக் கிடைத்திருப்பது பென்டாக்ஸ்தான். இரண்டும் 1976இல் வந்தவை. கே1000 ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கிலும் பல்சக்கரத்திலும் ஓடுவது; பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும். ஏஇ-1 ஷட்டரை எலக்ட்ரானிக் சர்க்யூட் இயக்குகிறது. 6 வோல்ட் பேட்டரி தீர்ந்தால் படம் எடுக்கவே முடியாது. சர்க்யூட் போனால் இன்னொரு பழைய ஏஇ-1ஐப் பிரித்துத்தான் உதிரி எடுக்க வேண்டும். பளபளப்பை வைத்து இதில் எதையும் சொல்ல முடியாது.

உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது அந்தப் பத்து வருட பீரோதான். தினமும் கல்யாண வீடுகளுக்குப் போய் வந்த கேமராவை விட, உறைக்குள் சும்மா கிடந்த கேமராவில்தான் எண்ணெய் இறுகும், லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், உள்ளே இருக்கும் ஃபோம் மக்கும். போகும்போது ஒரு புது எல்ஆர்44 பட்டன் பேட்டரி (வாட்ச் கடையில் கிடைக்கும்), பேட்டரி மூடியைத் திருக ஒரு நாணயம், டார்ச் உள்ள போன், இரண்டு பல்குச்சி கொண்டு போங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

முதலில் லென்ஸைக் கழற்றி, அப்பர்ச்சரை (ஒளி புகும் துளை; எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும்) எஃப் 2இல் வைத்து, பின்பக்கம் இருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். தூசி எல்லா லென்ஸிலும் இருக்கும், விடுங்கள். சிலந்தி வலை இழைபோலப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. ஓரத்தில் ஓரிரு இழை என்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். நடுவில் படர்ந்திருந்தால் அந்த லென்ஸ் வேண்டாம். அப்புறம் எஃப் 22இல் வைத்து, லென்ஸின் பின்னால் உள்ள சிறு நெம்பை விரலால் தள்ளி விடுங்கள். அப்பர்ச்சர் இதழ்கள் சட்டென்று மூட வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் அவற்றில் எண்ணெய் ஏறியிருக்கிறது.

ஷட்டருக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். பின்மூடியைத் திறந்து வைத்து 1 நொடியில் அழுத்துங்கள், போனில் நேரம் பாருங்கள். 1/2, 1/4, 1/8 என்று வர வர சத்தம் சுருங்கிக்கொண்டே வர வேண்டும். நடுவில் இழுத்து நின்றால் உள்ளே எண்ணெய் இறுகியிருக்கிறது என்று பொருள். அடுத்து லென்ஸ் இல்லாமலே கேமராவை வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பிடித்து, பின்னால் இருந்து பார்த்தபடி 1/1000இல் பத்துத் தடவை அழுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் சட்டம் முழுக்க ஒரே சீராக வெளிச்சம் மின்ன வேண்டும். ஒரு ஓரம் மட்டும் இருட்டாக இருந்தால், ஷட்டரின் இரண்டு துணித் திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. துணித் திரையையும் கண்ணாடியையும் விரலால் தொடாதீர்கள்.

பின்மூடி உட்காரும் பள்ளத்தில் கறுப்பு ஃபோம் இருக்கும். பல்குச்சியால் லேசாகத் தொடுங்கள். தார்போல ஒட்டினால் மக்கிவிட்டது. இதற்காகக் கேமராவை ஒதுக்க வேண்டாம். பழையதைச் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, கறுப்பு உல்லன் நூலைப் பள்ளத்தில் பதித்தாலே ஒளி கசியாது. ஒரு மாலை நேர வேலை. அடுத்து மீட்டர். புது பேட்டரி போட்டும் முள் அசையவில்லை என்றால், பேட்டரி அறையில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். பல சமயம் துடைத்தால் சரியாகிவிடும். முள் அசைந்தால் போனில் உள்ள லைட் மீட்டர் ஆப்போடு ஒப்பிடுங்கள். அரை ஸ்டாப் வித்தியாசம் பரவாயில்லை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு அல்லது பாதி).

இவ்வளவும் சரியாக இருந்தாலும் முழுப் பணத்தையும் அன்றே கொடுக்காதீர்கள். முன்பணம் கொடுத்து, ஒரு ரோல் ஓட்டிப் பார்த்துவிட்டு மீதியைத் தருகிறேன் என்று சொல்லுங்கள். ஸ்டூடியோ நடத்தியவருக்கு இது புரியும். இதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் நான் வாங்க மாட்டேன்.

அந்த ரோல் ஐஎஸ்ஓ 200 கலர் நெகட்டிவாக இருக்கட்டும் (ஐஎஸ்ஓ எண் கூடக் கூட ஃபிலிமுக்குக் குறைந்த ஒளியே போதும்). தெளிந்த வானத்தில் உச்சி வெயில் படும் ஒரு சுவரை மூன்று தடவை எடுங்கள்: 1/250 எஃப் 16, 1/500 எஃப் 11, 1/1000 எஃப் 8. மூன்றிலும் ஃபிலிமில் விழும் ஒளி ஒன்றே. நிழலில் கேமராவை மேசைமேல் வைத்து 1/60 எஃப் 8, 1/30 எஃப் 11, 1/15 எஃப் 16. பிறகு இரண்டு படங்களுக்கு நடுவில் மூடி போட்ட கேமராவை ஐந்து நிமிடம் வெயிலில் திருப்பித் திருப்பி வையுங்கள். கசிவு இருந்தால் செம்மஞ்சள் கோடாக விழும். பொழுது சாய்ந்ததும் மொட்டை மாடியில் நின்று, ஃபோகஸை முடிவிலியில் வைத்து, எஃப் 2இல் சேர்வராயன் மலையை ஒன்று. செய்தித்தாளைச் சாய்த்து வைத்து, ஒரு வரியில் மட்டும் ஃபோகஸ் செய்து, கிட்டத்தில் ஒன்று. மீதியெல்லாம் உங்கள் இஷ்டம்.

கழுவ அனுப்பும்போது நெகட்டிவைக் கட்டாயம் திருப்பிக் கேளுங்கள். டிஜிட்டலில் இருந்து வருகிறவர்கள் ஸ்கேனை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். ஸ்கேனர் வெளிச்சத்தைத் தானே சரிசெய்துவிடும், ஷட்டர் குறை அதில் மறைந்துபோகும். நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அந்தச் சுவர்ப் படங்கள் மூன்றும் ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும். 1/1000 படம் மட்டும் வெளிறியிருந்தால் அந்த வேகம் சரியாகத் திறக்கவில்லை. அதைத் தொடாமல் 1/500 வரை வைத்துக்கொண்டே பல வருடம் எடுக்கலாம். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் ஒரே புள்ளி விழுந்திருந்தால் திரைத் துணியில் ஓட்டை. அப்படியானால் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ரோல் முழுக்கக் காலியாக வந்தால் ஓரத்தைப் பாருங்கள். ஓரத்தில் எண்களும் கம்பெனி பெயரும் தெரிந்தால் லேப் சரியாகக் கழுவியிருக்கிறது, ஃபிலிமில்தான் ஒளி படவில்லை. ஓரமும் காலி என்றால் கழுவியதில் கோளாறு. ஏற்காட்டில் நான் எடுத்த முதல் ரோல் எண்களோடு மட்டும் வந்தது. ஃபிலிம் நுனி உருளையில் மாட்டவே இல்லை. ஒரு நாள் முழுக்க வெறும் ஷட்டரைத்தான் அழுத்தியிருக்கிறேன். அதற்குப் பிறகு விடாமல் செய்வது இது: ரோல் போட்டதும், ஃபிலிமைத் திருப்பிச் சுற்றும் குமிழை மெதுவாகத் திருகித் தொய்வை எடுத்துவிடுவேன். அடுத்து ஃபிலிமை நகர்த்தும் நெம்பை இழுக்கும்போது அந்தக் குமிழ் தானாகச் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ஃபிலிம் நகரவில்லை.

ஏற்காட்டுக்கு ஐஎஸ்ஓ 400 எடுத்துப் போங்கள். சில்வர் ஓக் நிழலில் நிற்கும் காபிச் செடிக்கு 200 போதாது, கை ஆடிவிடும். பனிமூட்டத்தில் மீட்டர் சொல்வதை அப்படியே கேட்காதீர்கள். எதையும் நடுத்தரச் சாம்பலாக்குவதுதான் அதன் வேலை, வெள்ளைப் பனியையும் சாம்பலாக்கிவிடும். ஒரு ஸ்டாப் கூட்டி எடுங்கள். நெகட்டிவ் ஃபிலிம் கூடுதல் ஒளியைத் தாங்கும், குறைவைத் தாங்காது. கே1000 மீட்டருக்கு அணைக்கும் பொத்தான் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு வைத்தால்தான் பேட்டரி நிற்கும்.

மலையின் குளிரில் இருந்த கேமராவைச் சேலத்தின் வெக்கையில் உடனே வெளியே எடுத்தால் கண்ணாடியில் ஈரம் படியலாம். பையை மூடியபடியே ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். பைக் பெட்டியில் ரோலை விடாதீர்கள், சித்திரை வெயிலில் நிறம் கெடும். தோல் உறையையும் நினைவுக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். கேமராவுக்குக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிகா ஜெல்லும்தான் வீடு.

பட்டறைக்குள் கறுப்பு வெள்ளை ஃபிலிம்தான் என் தேர்வு. ட்யூப் லைட்டில் கலர் ஃபிலிம் பச்சை அடிக்கும். வெள்ளியின் மினுக்கமும், நெருப்பு ஊதும்போது முகத்தில் விழும் வெளிச்சமும் கறுப்பு வெள்ளையில் அழகாக நிற்கும். ஐஎஸ்ஓ 400, எஃப் 2, 1/30 என்று தொடங்குங்கள். முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள். அப்பா பற்றவைக்க ஊதும் நேரத்தில் நெருப்பை வைத்து மீட்டர் பார்க்காமல், அவர் கன்னத்துக்கு அருகில் போய் அளந்துவிட்டுப் பின்னால் வந்து எடுங்கள்.