மார்ச் 15 தாண்டியாச்சு, பனி டயரைக் கழற்றலாமா?

கழற்றாதீர்கள். மாண்ட்ரியலில் ஏப்ரல் பாதி வரையாவது பொறுங்கள். மார்ச் 15, பனி டயர் கட்டாயம் என்று கனடாவின் கியூபெக் மாகாணச் சட்டம் சொல்லும் கடைசி நாள், அவ்வளவுதான். குளிருக்கு அந்தத் தேதி தெரியாது.

நேற்று மதியம் 12 டிகிரி, இன்று காலை முக்குத் திரும்பும்போது வண்டி வழுக்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் உறைந்த உருகுநீர்தான் காரணம். பகலில் ஓரத்துப் பனிக்குவியல் உருகி சாலையில் பரவும். ராத்திரி மைனஸுக்குப் போனதும் அது தார் நிறத்திலேயே மெல்லிய கண்ணாடியாக உறைந்துவிடும், கண்ணுக்கே தெரியாது. பனி டயரே வழுக்குகிற இடத்தில் கோடை டயரை நினைத்துப் பாருங்கள். 7 டிகிரிக்குக் கீழே அதன் ரப்பர் விறைத்துப் பிடிமானம் குறைந்துவிடும்.

வானிலைச் செயலியில் பகல் உச்சத்தைப் பார்க்காதீர்கள் (எல்லோரும் ஏமாறுவது அதில்தான்). நீங்கள் வண்டி எடுக்கும் நேரத்து வெப்பநிலையை மட்டும் அடுத்த பத்து நாளுக்குப் பாருங்கள். தொடர்ந்து 7 டிகிரிக்குக் குறையாமல் இருந்து, இரவும் உறைநிலைக்கு இறங்காவிட்டால் மாற்றலாம். காலையில் எரிந்து மதியம் அணைகிறது என்று நீங்கள் சொல்லும் டயர் காற்றழுத்த எச்சரிக்கை விளக்குக்கும் இந்த ஏற்ற இறக்கமே காரணமாக இருக்கலாம். வண்டியை எடுக்குமுன் காற்றை அளந்து நிரப்புங்கள்.

அதற்காகக் கோடை முழுக்க விட்டுவிடாதீர்கள், பனி டயரின் மென்மையான ரப்பர் சூட்டில் சீக்கிரம் தேயும். ஆணி பதித்த டயர் என்றால் மே 1 வரைதான் அனுமதி.

ஏப்ரலை நம்பவும் முடியாது: 2023-இல் இங்கே உறைமழை (பட்ட இடத்திலேயே உறையும் மழை) கொட்டி லட்சக்கணக்கான வீடுகள் மின்சாரமில்லாமல் இருண்டது ஏப்ரல் 5-ஆம் தேதி.