ஒற்றை ஒற்றையாகப் பொறுக்கி ஒரு சிக்ஸ் பேக்: கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?

வாசகர் கேள்வி: பென்சில்வேனியாவில் எக்ஸ்டன் பக்கம் குடியிருக்கிறேன். இங்கே ஒரு கடையில் எந்த ஆறு பீரை எடுத்தாலும் 12.99 டாலர் என்று ஒரு ஷெல்ஃப் வைத்திருக்கிறார்கள். ஆசைப்பட்டு ஆறு வகை எடுத்து வந்தேன். இரண்டில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை. ஒன்றில், நாற்றம் பீய்ச்சுமே ஸ்கங்க் என்கிற பிராணி, அது ரோட்டில் அடிபட்டுக் கிடந்தால் வருமே, அதே நாற்றம். கடைக்காரர் ஏமாற்றுகிறாரா, இல்லை சின்ன ஆலைகள் காய்ச்சுகிற கிராஃப்ட் பீர் என்றாலே இப்படித்தானா? அடுத்த மாதம் சென்னையிலிருந்து மச்சான் வருகிறார், டாஸ்மாக் ஸ்ட்ராங் பீர் மட்டுமே குடித்துப் பழகியவர். அவருக்கு நாலு வகை காட்ட ஆசை. பேசாமல் சீல் பிரிக்காத சிக்ஸ் பேக்காகவே வாங்கிவிடட்டுமா?

பதில்: உங்கள் நாக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது. அட்டைப்பெட்டி வாடை என்றால் பீர் பழசு. ஸ்கங்க் நாற்றம் என்றால் வெளிச்சம் பட்ட பீர். இரண்டாலும் உடம்புக்குக் கெடுதல் இல்லை, ருசிதான் போய்விட்டது. உங்களை ஏமாற்ற வேண்டும் என்று கடைக்காரர் உட்கார்ந்து திட்டம் போட்டிருக்க மாட்டார், ஆனால் அந்த ஷெல்ஃபில் என்ன நிற்கிறது என்பது அவருக்குத் தெரியாமலும் இருக்காது. ஒற்றையாக வாங்குவதை நிறுத்த வேண்டாம். எந்த இடத்திலிருந்து எடுக்கிறீர்கள் என்பதை மட்டும் மாற்றுங்கள்.

அந்த ஷெல்ஃப் எப்படி நிரம்புகிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஒரு சிக்ஸ் பேக்கில் ஒரு பாட்டில் உடைந்தால் மீதி ஐந்தும் அங்கே போகும். அக்டோபரில் விற்க வேண்டிய பூசணிக்காய் பீர் ஜனவரியில் மிஞ்சினால் அதுவும் அங்கேதான். கசப்பும் மணமும் தூக்கலான ஐபிஏ என்கிற வகை மூன்று மாதமாக யாரும் தொடாமல் இருந்தால் அட்டையைப் பிரித்து ஒன்றொன்றாக நிறுத்திவிடுவார்கள், ஏனென்றால் ஆறாக வாங்கத் தயங்குகிறவர் ஒன்றாக வாங்கத் தயங்க மாட்டார். நல்ல கடைகளும் இருக்கின்றன, புதுச் சரக்கையே பிரித்து ஒற்றையாக வைப்பார்கள், அப்படி ஒன்று கிடைத்தால் அந்தக் கடையை விடாதீர்கள். ஆனால் விலை ஒட்டி, வெளிச்சத்தில், குளிரூட்டாமல் நிற்கிற ஷெல்ஃப் என்றால் அங்கே இருப்பதில் கணிசமானது தங்கிப்போன சரக்குதான்.

அட்டையைப் பிரித்ததும் இன்னொரு கேடு சேர்கிறது. பீரில் கசப்பைத் தரும் ஹாப்ஸ் என்கிற பூவின் சத்து வெளிச்சத்தில் உடைந்து கந்தகம் கலந்த ஒரு பொருளாக மாறும். ஸ்கங்க் நாற்றம் அதுதான். நேர் வெயிலில் சில நிமிடங்கள் போதும், கடை விளக்கில் கொஞ்சம் நாள் பிடிக்கும். பழுப்பு பாட்டில் பெரும்பகுதி வெளிச்சத்தைத் தடுக்கும். பச்சையும் நிறமில்லாத கண்ணாடியும் அநேகமாகத் தடுக்காது. அட்டைக்குள் இருந்தவரை பாட்டிலுக்கு ஒரு மறைப்பு இருந்தது, ஒற்றையாக்கியதும் அதுவும் போயிற்று. உங்களுக்கு நாறியது பச்சை பாட்டிலாகத்தான் இருந்திருக்கும். ஆகவே ஒற்றையாக வாங்கும்போது கேன் எடுங்கள். அதற்குள் வெளிச்சம் போகவே போகாது.

அடுத்தது தேதி. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் யாராவது வாங்குவார்களா? கேனைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பாருங்கள். பாட்டில் என்றால் கழுத்திலோ லேபிள் ஓரத்திலோ தேடுங்கள். எந்தத் தேதியில் அடைத்தது என்று போட்டிருந்தால் நல்லது. ஐபிஏ, பேல் ஏல் போன்ற ஹாப்ஸ் மணக்கிற வகைகளை அடைத்து மூன்று மாதம் தாண்டியிருந்தால் தொடாதீர்கள். கலங்கலாக இருக்குமே ஹேஸி ஐபிஏ, அது ஒன்றரை மாதத்துக்குள் இருந்தால் உத்தமம். இந்தத் தேதிக்குள் குடிக்கவும் என்று மட்டும் இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள், ஏனென்றால் ஒரு நிறுவனம் அடைத்த நாளிலிருந்து 90 நாள் கணக்கு வைக்கும், இன்னொன்று 180 நாள் வைக்கும், அந்தத் தேதிக்குள் இருக்கிறது என்பதால் மட்டும் அது புதுசு என்று ஆகிவிடாது. சிலர் 15225 மாதிரி ஒரு எண்ணை மட்டும் அடிப்பார்கள். முதல் மூன்று இலக்கம் வருடத்தின் எத்தனையாவது நாள், கடைசி இரண்டு வருடம். 152ஆவது நாள், அதாவது 2025 ஜூன் 1. சிலர் வருடத்தை முன்னால் போடுவார்கள்.

இந்த விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. பால் பாக்கெட்டில் தேதி இருக்கிறது, ரொட்டியில் இருக்கிறது, ஆனால் பீரில் தேதி போட்டே ஆக வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை. போடுகிறவர்கள் தாங்களாக விரும்பிப் போடுகிறார்கள், அதையும் கறுப்புக் கேனில் கறுப்பு மையில் அடித்தால் யார் படிப்பது? மதுவிலக்கு 1933இல் முடிந்தபோது கொண்டுவந்த மூன்றடுக்கு ஏற்பாடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. காய்ச்சுகிறவர் ஒருவர், மொத்த விநியோகம் செய்கிறவர் ஒருவர், கடைக்காரர் ஒருவர். காய்ச்சுகிற இடத்தில் அருமையாக இருந்த பீர் நடுவில் ஏதோ ஒரு கிடங்கில் ஜூலை வெயிலில் வேகும், அதற்குப் பொறுப்பு யாரும் ஏற்க மாட்டார்கள். பீர் தொழிலில் ஒரு கணக்கு சொல்வார்கள்: 32 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், மூன்றிலும் பீர் கிட்டத்தட்ட ஒரே அளவு பழசாகும். தோராயமான கணக்குதான், ஆனால் குளிர்பெட்டியிலிருந்து எடுங்கள் என்று நான் நச்சரிப்பதற்குக் காரணம் இதுதான். குளிர்ந்த பீர் ஒருமுறை சூடாகி மறுபடி குளிர்ந்தால் கெட்டுவிடும் என்று பயப்படாதீர்கள், அப்படி ஒன்றும் இல்லை. மொத்தத்தில் எத்தனை நாள் சூட்டில் இருந்தது என்பதுதான் கணக்கு.

பென்சில்வேனியாவில் கூடுதலாக ஒரு தலைவலி. டிஸ்ட்ரிபியூட்டர் என்று பலகை போட்ட பீர் கடைகளில் ஒற்றை பீர் வாங்க முடிவதே 2017 ஜனவரியிலிருந்துதான், 2016இல் வந்த சட்டத்தால். அதற்கு முன்னால் வெகுகாலம் பெட்டி பெட்டியாகத்தான் வாங்க வேண்டும். பார்களும் சூப்பர்மார்க்கெட்டுகளும் ஒரு பில்லுக்கு 192 அவுன்ஸ்தான் விற்கலாம், 12 அவுன்ஸ் கேன் என்றால் 16. அதற்கு மேல் வேண்டுமென்றால் காரில் வைத்துவிட்டு வந்து மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். இதனால் யாருக்கு என்ன நன்மை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. உங்களுக்கு வேண்டியது ஆறுதான், இந்த வரம்பு தடுக்காது. நான் சொல்வது, கூட்டம் வருகிற, சரக்கு வேகமாகக் கழிகிற, ஒற்றை பீரையும் குளிர்பெட்டியிலேயே வைத்திருக்கிற கடையாகப் பார்த்துப் போங்கள், பத்து நிமிடம் கூடுதலாக கார் ஓட்டினாலும் பரவாயில்லை.

பழசு என்றால் எல்லாமே குப்பையா என்று அடுத்து கேட்பீர்கள். இல்லை, ஒரு விதிவிலக்கு உண்டு, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை வைத்துத்தான் நிறையப் பேர் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள். இம்பீரியல் ஸ்டவுட் என்கிற கறுத்த கனமான பீர், பார்லி வைன் (பெயரில்தான் வைன், இதுவும் பீர்தான்), பெல்ஜியத்தின் கனமான கறுப்பு ஏல்கள், கூஸ் (gueuze) என்கிற புளிப்பு வகை, இவை வருடக்கணக்கில் வைத்தாலும் தாங்கும், சில இன்னும் நன்றாகும். ஆல்கஹால் அதிகம், மால்ட் என்கிற முளைகட்டிய தானியம் அதிகம், ஹாப்ஸ் மணத்தை நம்பி அவை இல்லை. பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட் உயிரோடு இருக்கிற வகைகளில் அந்த ஈஸ்ட் உள்ளே மிஞ்சிய ஆக்சிஜனைக் கொஞ்சம் தின்றுவிடும். ஆனால் ஆல்கஹால் அதிகம் என்பது மட்டும் போதாது. டபுள் ஐபிஏ பெரும்பாலும் 8 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும், அது பழசானால் ஹாப்ஸ் மணம் செத்து வெறும் இனிப்புத்தான் மிஞ்சும். காபி போட்ட ஸ்டவுட் கறுப்பாக, கனமாக இருக்கிறதே என்று எடுத்தால், நாளானதும் காபி மணம் போய்ப் பச்சைக் குடைமிளகாய் வாடை வரும். பழக்கூழ் சேர்த்ததையும் வைத்திருக்காதீர்கள். அப்புறம், தாங்குகிற வகையே ஆனாலும் இருட்டிலும் குளிர்ச்சியிலும் இருந்தால்தான் தாங்கும். கடையின் மேல் தட்டில் விளக்குக்குக் கீழே இரண்டு வருடம் வெந்ததற்கு விண்டேஜ் என்று அட்டை எழுதிக் கூடுதல் விலை கேட்டால் வாங்காதீர்கள். விற்காத சரக்குக்கு அது இன்னொரு பெயர்.

ஷெல்ஃபில் தொங்குகிற 'எங்கள் பரிந்துரை' அட்டைகளையும் அப்படியே நம்பாதீர்கள். பல இடங்களில் அவை விநியோகஸ்தர் அச்சடித்துக் கொடுத்தவை. கடை ஊழியரிடம் நேரில் கேளுங்கள், எது நல்லது என்று கேட்காமல் இந்த வாரம் எது வந்தது என்று கேளுங்கள், பதில் மாறும். ஃபேஸ்புக் குழுக்களில் கிடைக்காத பீர் தருகிறேன் என்று 20 டாலர் கேனை 60 டாலருக்கு விற்கிறவர்கள் பக்கமே போகாதீர்கள். உரிமம் இல்லாமல் மது விற்பது சட்டவிரோதம், அந்தக் கேன் யார் வீட்டு கராஜில் எத்தனை மாதம் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்?

விலைக் கணக்கு: ஆறுக்கு ஒரே விலை என்றால் தனியாக வாங்கினால் விலை கூடியவற்றை எடுங்கள், யுயெங்லிங் லாகர் போல எங்கும் மலிவாகக் கிடைப்பதை அதில் போட்டு இடத்தை வீணாக்காதீர்கள். தனித்தனி விலை என்றால் அளவைப் பாருங்கள். 12 அவுன்ஸ் கேன் ஆறு சேர்ந்தால் 72 அவுன்ஸ், 16 அவுன்ஸ் கேன் நாலே 64 அவுன்ஸ்.

சரி, உங்கள் மச்சானுக்கு நானாக இருந்தால் எடுக்கிற ஆறு. முதலில் உங்கள் பக்கத்து டவுனிங்டவுனில் 1996இல் ஆரம்பித்த விக்டரியின் பிரைமா பில்ஸ், ஆல்கஹால் 5.3 சதவீதம். டாஸ்மாக் பீர் மாதிரி லாகர் குடித்துப் பழகியவருக்கு இது அந்நியமாக இருக்காது, லாகரில் இவ்வளவு மணம் இருக்க முடியுமா என்று கேட்பார். அடுத்து மெய்ன் மாநிலத்து அலகாஷ் ஒயிட், கோதுமையோடு கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்டுக் காய்ச்சியது. மூன்றாவது சியரா நெவாடா பேல் ஏல், இந்தக் கிராஃப்ட் அலைக்கு 1980களில் வழிபோட்டவற்றில் ஒன்று. நாலாவது உள்ளூர் ஹேஸி ஐபிஏ ஏதாவது ஒன்று, பெயர் எதுவானாலும் சரி, அடைத்து ஒரு மாதம் தாண்டாதது. ஐந்தாவது ஹெர்ஷியிலிருந்து வரும் ட்ரோக்ஸின் ட்ரோகனேட்டர், 8.2 சதவீதம், கறுத்த, மால்ட் கனத்த லாகர். ஸ்ட்ராங் பீர்க்காரருக்கு இதுதான் நெஞ்சில் நிற்கும். ஆறாவது விக்டரியின் கோல்டன் மங்கி, 9.5 சதவீதம்.

இதே வரிசையில் குடியுங்கள், கனமானதை முதலில் திறந்தால் பிரைமா பில்ஸ் தண்ணீர் மாதிரித் தெரியும். ஒவ்வொன்றையும் இருவரும் சின்னக் கண்ணாடி டம்ளரில் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், கடைசி இரண்டு ஒவ்வொன்றும் சாதாரண பீர் ஒன்றரை, இரண்டுக்குச் சமம், அன்றைக்கு யாரும் காரைத் தொட வேண்டாம். எதிலாவது மறுபடி அட்டைப்பெட்டி வாடை வந்தால் மிச்சத்தைக் கொட்டாமல் மூடி, பில்லோடு கடைக்கு எடுத்துப்போய்த் தேதியைக் காட்டுங்கள். வாக்குவாதம் இல்லாமல் வேறு ஒன்று கொடுத்தால் அங்கேயே தொடருங்கள், உங்களுக்கு ருசி தெரியவில்லை என்று சொன்னால் வேறு கடை பாருங்கள்.