மின்சுற்று வரைபட ஏற்றுமதியில் அளவு மாற்றும் விருப்பம்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கருவி மின்சுற்று வரைபடங்களை எஸ்விஜி (கோடுகளாகவும் வடிவங்களாகவும் சேமிப்பது), பிஎன்ஜி (பிக்சல்களாகச் சேமிப்பது) கோப்புகளாக ஏற்றுமதி செய்கிறது. அளவு மாற்றும் விருப்பத்தை நிரலின் எந்த இடத்தில் சேர்ப்பது?

பதில்: வெளியீட்டின் கடைசிக் கட்டத்தில், ஒரே ஓர் இடத்தில் சேருங்கள். வரைபடத்தின் ஆயத்தொலைவுகளைத் தொடவே கூடாது என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு பாகத்தின் மூலப்புள்ளி 5 என்றும், அதிலிருந்து பின்னின் (பாகத்தைக் கம்பியோடு இணைக்கும் காலின்) முனை 5 அலகு தள்ளி இருப்பதாகவும் கொள்வோம். விகிதம் 0.7 எனில், இரண்டையும் தனித்தனியே பெருக்கி முழு எண்ணாக்கும்போது 4 + 4 = 8 கிடைக்கும்; அதே முனையில் வந்து சேரும் கம்பியின் ஆயத்தொலைவான 10, பெருக்கியபின் 7 ஆகும். இணைந்திருக்க வேண்டிய கம்பி படத்தில் விலகித் தெரியும். மின்சுற்று வரைபடத்தில் அது வெறும் அழகுக் குறை அன்று, பொருளையே மாற்றிவிடும் பிழை.

கேள்வி: எஸ்விஜியில் அந்த ஒரே இடம் எது?

பதில்: வேர் உறுப்பின் (கோப்பு முழுவதையும் உள்ளடக்கும் வெளி உறுப்பின்) அகலமும் உயரமும்தான். வியூபாக்ஸை (வரைபடத்தின் உள் ஆயத்தொலைவு எல்லையை) "0 0 210 297" என்று அப்படியே விட்டுவிட்டு, 2 மடங்குக்கு அகலத்தை 420 மி.மீ., உயரத்தை 594 மி.மீ. என எழுதினால் போதும். கோடுகளும் எழுத்துகளும் தாமாகவே பெரிதாகும். அலகைக் குறிப்பிட மறவாதீர்கள். அலகில்லாத எண் பிக்சலாகக் கொள்ளப்படும். ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்ற கணக்கில் தாளின் அளவு முற்றிலும் மாறிப்போகும்.

கேள்வி: பிஎன்ஜி படத்தைப் பெரிதாக்கினால் மங்கலாகிறதே?

பதில்: வரைந்து முடித்த படத்தைப் பெரிதாக்காமல், பெருக்கிய அளவிலேயே புதிதாக வரையச் செய்யுங்கள். ஆனால் நினைவகத்தைக் கவனிக்க வேண்டும். ஏ4 தாள் 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) 2480 × 3508 பிக்சல்; பிக்சலுக்கு 4 பைட் வீதம் ஏறத்தாழ 3.5 கோடி பைட் ஆகிறது. விகிதம் 4 என்றால் பரப்பு 16 மடங்காகி, தேவை 55 கோடி பைட்டைத் தாண்டும். ஆகவே நினைவகத்தை ஒதுக்குவதற்கு முன்பே கணக்கிட்டு, வரம்பு மீறினால் தெளிவான செய்தியுடன் நிறுத்துங்கள். அளவு விகிதத்தையும் டிபிஐயையும் ஒரே விருப்பத்தில் கலக்காதீர்கள் என்பதும் என் வேண்டுகோள்: முன்னது அச்சில் படத்தின் நீள அகலத்தை மாற்றுவது, பின்னது அதே நீள அகலத்தில் துல்லியத்தைக் கூட்டுவது.

கேள்வி: ஏ3 வரைபடத்தை ஏ4 தாளுக்குக் குறைத்தால் கோடுகள் மறைந்துவிடுகின்றன. தடிமனை மட்டும் மாறாமல் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஏ3யிலிருந்து ஏ4க்கு விகிதம் சுமார் 0.707, 0.15 மி.மீ. கோடு 0.106 மி.மீ. ஆகிறது. எல்லாத் தடிமனையும் மாறாமல் வைத்தால், பஸ் கோட்டுக்கும் (பல கம்பிகளை ஒன்றாகக் காட்டும் கோட்டுக்கும்) சாதாரணக் கம்பிக்கும் சுற்றியுள்ள குறியீடுகளோடு இருக்கும் பொருத்தம் கெடும். குறைந்தபட்சத் தடிமன் ஒன்றை வைத்து, அதற்குக் கீழே இறங்குவனவற்றை மட்டும் உயர்த்துங்கள். அந்த வரம்பை விகிதத்தால் வகுத்த பிறகே வரைபட அலகில் ஒப்பிட வேண்டும். எழுத்துகளுக்கு இத்தகைய சலுகை தராதீர்கள். உயர்த்தினால் பின் எண்களும் பெயர்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்.

கேள்வி: எந்த மதிப்புகளை மறுப்பது?

பதில்: சுழியம், எதிர்ம எண், முடிவிலி, எண்ணல்லாதவை. இவற்றை ஓசையின்றி 1 என எடுத்துக்கொள்வது பயனரை ஏமாற்றுவதாகும்.

கேள்வி: "தாளுக்குப் பொருத்து" என்ற விருப்பமும் உள்ளது. இரண்டையும் ஒருசேரத் தந்தால்?

பதில்: பிழை என்று அறிவியுங்கள். பொருத்துதல் என்பது அகல விகிதம், உயர விகிதம் ஆகிய இரண்டில் சிறியதைக் கருவியே தேர்ந்தெடுப்பது. பயனர் தந்த எண்ணுக்கு அங்கே இடமில்லை. எதுவுமே தரப்படாதபோது விகிதம் 1 ஆக இருக்கட்டும். அப்போது கிடைக்கும் வரைபடம் பழைய பதிப்பின் வெளியீட்டோடு சிறிதும் வேறுபடாமல் இருப்பதை ஒரு தானியங்கிச் சோதனையால் உறுதிசெய்த பின்னரே வெளியிடுங்கள்.